லெஃப்ட் பேக்காகத் தொடங்கிய காரெத் பேல்: கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸ் கால்பந்து வீரர் பேல் முதலில் தடுப்பாட்டக்காரரா?
பதில்: ஆம். 2006இல் இங்கிலாந்துக் கிளப்பான சவுத்தாம்ப்டனுக்காக முதலில் களமிறங்கியபோது வயது 16, இடம் லெஃப்ட் பேக், அதாவது இடது பின்களம். 2007இல் இன்னொரு இங்கிலாந்துக் கிளப்பான டாட்டன்ஹாம் அவரை வாங்கியதும் அந்த இடத்துக்கே. ஓரமாக முன்னேறித் தாக்கும் விங்கராகப் புகழ்பெற்ற பிறகும் 2012 வரை தடுப்பாட்டக்காரருக்குரிய 3ஆம் எண் சட்டையைத்தான் அணிந்தார்.

கேள்வி: அவர் ராசியில்லாதவர் என்றார்களாமே?
பதில்: டாட்டன்ஹாமுக்காக ஆடிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி வெல்லவில்லை. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் பழியை ஒருவர் தலையில் கட்டுவது எளிது, அவ்வளவுதான்.

கேள்வி: முன்னே நகர்த்தியது யார்?
பதில்: பயிற்சியாளர் ஹாரி ரெட்நாப். வழக்கமான லெஃப்ட் பேக் அசூ-எக்கோட்டோ காயமடைந்தபோது பேல் உள்ளே வந்து அசத்தினார். அசூ-எக்கோட்டோ திரும்பியதும் இருவரையும் விட மனமில்லை. பேல் இடது நடுக்களத்துக்குப் போனார்.

2010 அக்டோபரில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பாதி நேரத்தில் டாட்டன்ஹாம் 4-0 பின்தங்கல், கோல்கீப்பரும் வெளியேற்றப்பட்டுப் பத்தே பேர். பேல் தன் பாதியிலிருந்து பந்தோடு புறப்பட்டு, இடது ஓரமாகவே ஓடி, இடது காலால் எதிர் மூலைக்குத் தாழ்வாக அடித்தார். இறுதி நிமிடங்களில் ஏறக்குறைய அதே அடியில் மேலும் இரண்டு. 4-3 தோல்விதான், ஆனாலும் மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றியே.

கேள்வி: பின்களத்தில் கற்றது வீணானதா?
பதில்: என் பார்வையில் அதுவே அவர் மூலதனம். பல விங்கர்கள் எல்லைக்கோட்டருகே நின்று காலுக்குப் பந்து கேட்பார்கள். பேல் பின்னாலிருந்து வேகமெடுத்து வருவார். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்குப் போன பின், அந்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரேயின் 2014 இறுதியில் பார்சிலோனாவின் பார்ட்ரா இடித்துத் தள்ளியும், களத்துக்கு வெளியே ஓடி வந்து அவரை முந்தி கோல் அடித்தது அந்த ஓட்டத்தால்தான்.

கேள்வி: ரியல் மாட்ரிட்டில் ஏன் வலப்பக்கம்?
பதில்: இடப்பக்கம் ரொனால்டோ இருந்தார். வலமிருந்து உள்ளே வெட்டினால் இடது காலால் சுடலாம் என்பதும் வசதி.

கேள்வி: வேகமான எந்த லெஃப்ட் பேக்கையும் இப்படி மாற்றலாமா?
பதில்: அவசரப்படாதீர்கள். பின்கள ஆட்டக்காரர் களம் முழுவதையும் பார்த்தபடி பந்தை வாங்குகிறார். முன்னே போனால் முதுகில் ஒருவர் ஒட்டியிருக்க, கோலுக்கு முதுகு காட்டி வாங்க வேண்டும். பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். முதலில் முதுகுப்பக்கம் ஆளை நிறுத்திப் பந்து வாங்கப் பழக்குங்கள். வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.