மருந்தை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்

கேள்வி: முடக்குவாதத்துக்காக என் தாயார் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்து வருகிறார். மூட்டு வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவரே இப்போது அதை நிறுத்திவிட்டு, தம் கிளினிக்கில் விற்கும் மூலிகைக் கேப்சூலைச் சாப்பிடச் சொல்கிறார். ஒரு நவீன மருத்துவர் இப்படிச் செய்யலாமா?

பதில்: வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக மாற்று மருத்துவத்தைப் பரிந்துரைக்கப் பல நாடுகளில் மருத்துவர்களுக்குத் தடை இல்லை. பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வது வேறு விஷயம். உலக மருத்துவர் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்டு, பின்னர் பலமுறை திருத்திய, மருத்துவ ஆராய்ச்சிக்கான அறநெறிகளைக் கூறும் ஹெல்சிங்கிப் பிரகடனம், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லாதபோதோ அது பயனளிக்காதபோதோதான், நிபுணரின் ஆலோசனையோடும் நோயாளி விவரமறிந்து தரும் ஒப்புதலோடும் உறுதிப்படாத முறையை மருத்துவர் கையாளலாம் என்கிறது. உங்கள் தாயாரின் நிலைமைக்கு இது பொருந்தவே இல்லை. இந்த நோயில் ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால், சில மாதங்கள் மருந்தில்லாமல் கழிவதுகூட நிரந்தர இழப்பாக முடியலாம். எழுதிக்கொடுப்பவரே விற்பவராகவும் இருப்பது என்னை இன்னும் கவலைப்படுத்துகிறது.

மருத்துவர் கையால் கிடைப்பதாலேயே மூலிகை பாதுகாப்பானதாகிவிடாது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடைக் குறைப்பு கிளினிக் ஒன்றில் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக சிறுநீரகத்துக்கு நஞ்சான அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள வேறொன்று சேர்ந்துவிட்டதே காரணம். மூட்டுவலிக்கென விற்கப்பட்ட சில மூலிகைத் தயாரிப்புகளிலோ, வலியையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் லேபிளில் குறிப்பிடப்படாமல் கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஆகவே கேப்சூல் சாப்பிட்ட ஓரிரு நாளிலேயே வலி மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

தாயார் மெத்தோட்ரெக்சேட்டைத் தாமாக நிறுத்த வேண்டாம். கேப்சூலில் என்னென்ன, எவ்வளவு இருக்கின்றன, எந்த ஆதாரத்தின்பேரில் மாற்றச் சொல்கிறார் என்பதை மருத்துவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். நோயாளிக்கு இதைச் சொல்லவேண்டியது அவருடைய கடமை. கேப்சூலை ஏற்கெனவே சில வாரங்களாகச் சாப்பிட்டு வந்தால், அதையும் சட்டென்று விட்டுவிடாதீர்கள். மறைந்திருக்கும் ஸ்டீராய்டு திடீரென நின்றால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். புட்டியோடு உடனே ஒரு மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள். மருத்துவர் விவரம் தர மறுத்தால், மருந்துச்சீட்டின் நகலை இணைத்து அவர் பதிவு பெற்ற மருத்துவக் கவுன்சிலுக்கு நீங்கள் புகார் எழுதலாம்.