கல்லூரித் தேர்வுகளைக் கணினிக்கு மாற்றச் சொல்கிறார்கள். பயன் உண்டா, எங்கிருந்து தொடங்குவது?

பயன் உண்டு, தாராளமாக மாற்றுங்கள். ஆனால் செமஸ்டர் தேர்வில் கைவைக்காதீர்கள். அக மதிப்பீட்டுக்காக வைக்கும் சிறு தேர்வுகளிலிருந்து தொடங்குங்கள். நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் சில ஆண்டுகளாக மூடில் என்ற இலவசக் கற்பித்தல் மென்பொருளில் தேர்வு நடத்திவருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விடைத்தாள் திருத்தும் வேலை மிச்சமாகும் என்றுதான் நிர்வாகம் நினைக்கும். மிச்சமாவது உண்மைதான், ஆனால் முதல் ஆண்டில் அந்த நேரம் முழுவதும் நல்ல கேள்விகள் எழுதுவதிலேயே கரைந்துவிடும். நான் பெரிதாக மதிக்கும் லாபம் வேறு: நம் கேள்விகளில் எது பழுது என்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் உதாரணம். "சி மொழியில் இன்ட் வகை (முழு எண்) மாறி எத்தனை பைட் இடம் எடுக்கும்?" துறையின் பழைய வினாவங்கியில் இதற்கு விடை 2. அது 16 பிட் (2 பைட்) டர்போ சி என்ற பழைய கம்பைலர், அதாவது நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், இருந்த காலத்து விடை. இன்று எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் அது 4. மொழியின் தர வரையறையோ குறைந்தது 16 பிட் வேண்டும் என்று சொல்லி, மீதியைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. ஆகக் கேள்வியே தவறு. தாளில் திருத்திய காலத்தில் இது யார் கண்ணிலும் படாமல் வந்துபோய்க்கொண்டிருந்தது. மூடிலில் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் வரும். தேர்வில் மொத்தமாக நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியையும் சரியாகச் செய்தார்களா என்பதை அது சொல்லும். இந்தக் கேள்விக்கு அந்த எண் மைனஸில் வந்து நின்றது. ஆய்வகத்தில் தானே ஓட்டிப் பார்த்துக் கற்றவர்கள் 4 என்று போட்டு மதிப்பெண் இழந்திருந்தார்கள். பழைய நோட்ஸை மனப்பாடம் செய்தவர்களுக்கு முழு மதிப்பெண். கேள்வியைத் திருத்தி, அனைவருக்கும் மறுமதிப்பீடு செய்ய அன்று சில நிமிடங்களே ஆயின. அதற்கு முன் எத்தனை அணி மாணவர்கள் இதே கேள்வியில் அநியாயமாக மதிப்பெண் இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நிரலாக்கத் தேர்வைத் தாளில் எழுதவைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் அரைப்புள்ளி விட்டதற்கு மதிப்பெண் குறைப்பதால் யாருக்கு என்ன லாபம்? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான கோட்ரன்னர், மூடிலோடு சேர்த்துக்கொள்ளும் இலவசக் கூடுதல் மென்பொருள். அது மாணவர் எழுதிய நிரலை உண்மையிலேயே இயக்கி, நாம் தந்த உள்ளீடுகளுக்குச் சரியான விடை வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும். பிழை வந்தால் மாணவர் அங்கேயே திருத்தலாம். கணிதத் துறைக்கு ஸ்டேக் என்ற அதேபோன்ற மென்பொருள் இருக்கிறது. விடையை எந்த வடிவில் எழுதினாலும், இயற்கணித முறையில் அது சமம்தானா என்று சரிபார்க்கும்.

அவசரம் மட்டும் கூடாது. 2009-இல் ஐஐஎம்களின் கேட் நுழைவுத் தேர்வு ஒரே தாவலில் தாளிலிருந்து கணினிக்கு மாறியபோது, முதல் நாளிலேயே பல மையங்களில் கோளாறு ஏற்பட்டு மாணவர்கள் தவித்தார்கள். பின்லாந்து நிதானமாக நடந்துகொண்டது. அங்கே மேல்நிலைக் கல்வியின் இறுதித் தேர்வில் 2016 இலையுதிர் பருவத்தில் ஜெர்மன், புவியியல், தத்துவம் மட்டும் கணினிக்கு வந்தன. அடுத்தடுத்த பருவங்களில் மற்ற பாடங்கள் சேர்ந்தன. கணிதம் கடைசியாக 2019 வசந்த காலத்தில்தான் வந்தது. மாணவரின் மடிக்கணினி யூஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து இயங்கியது. பள்ளிக்குள் இருந்த சர்வரோடு மட்டும் தொடர்பு கொண்டது. இணையம் தேவைப்படவே இல்லை.

நீங்களும் சர்வரைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வையுங்கள். தேர்வு நடுவில் இணையம் போனால் அத்தனை பேரின் பதற்றத்தையும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். மின்சாரம் போனால் யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை ஆய்வகம் நிறைய ஆட்களை உட்காரவைத்துச் சோதியுங்கள். வகுப்பு பெரியது, கணினிகள் குறைவு என்றால் இரண்டு அணியாக நடத்த வேண்டிவரும். முதல் அணி வெளியே வந்ததுமே கேள்விகள் வாட்ஸ்அப்பில் பறக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே கடினத்தில் பல கேள்விகள் எழுதிவைத்து, ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்றை மூடிலையே எடுத்துக் கொடுக்கவிடுவதுதான் வழி. பிற பக்கங்களைத் திறக்காமல் தடுக்க, சூரிச்சின் இடிஹெச் நிறுவனம் உருவாக்கிய சேஃப் எக்ஸாம் பிரவுசர் இலவசமாகவே கிடைக்கிறது.

கட்டுரை விடைகளை, குறிப்பாகத் தமிழ் வழி மாணவர்களின் விடைகளை, இப்போதைக்குத் தாளிலேயே விடுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகாத பிள்ளையைத் தட்டச்சு செய்யச் சொன்னால், நீங்கள் அளப்பது அந்தப் பிள்ளையின் விரல் வேகத்தைத்தான். விருப்பமுள்ளவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு யோசிக்கலாம்.

பார்வையற்ற மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், முதல் தேர்வுக்கு முன்பே அவர்களை ஆய்வகத்துக்கு அழைத்து, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானோடு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்வதை எழுதுபவரை நம்பியிராமல் அவர்கள் தாமே வாசித்துத் தாமே விடையளிக்க முடியும். ஆனால் சூத்திரத்தையோ நிரலையோ படமாக ஒட்டியிருந்தால் திரைவாசிப்பான் வாயடைத்து நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படம் தவிர்க்க முடியாத இடத்தில் அதன் விவரிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.