மாத்திரைக்குக் கேட்காத நெஞ்செரிச்சல்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருடமாகப் பாண்டோபிரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் போடுகிறேன். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது தினமும் எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. டோஸைக் கூட்டலாமா?

அதற்கு முன்னால், மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று பாருங்கள். பலர் சாப்பிட்ட பிறகோ படுக்கப் போகும்போதோ போடுகிறார்கள். இந்த வகை மருந்து ரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். அமிலம் சுரக்கும் பம்புகளில் இயங்கிக்கொண்டிருப்பதைத்தான் அது அடைக்கும். அவை முழு வேகத்தில் இயங்குவதோ சாப்பிடும்போது. அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். எரிகிற நாளில் மட்டும் போட்டாலும் சரியாக வேலை செய்யாது. நேரத்தை ஒழுங்கு செய்து சில வாரம் பாருங்கள். அப்புறமும் எரிந்தால் இரண்டு வேளையா, வேறு மருந்தா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வோனோபிரசான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை.

கேள்வி: நேரம் தவறாமல் இரண்டு வேளை போடுகிறேன். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாம் பிரமை என்கிறார்கள்.

பிரமை இல்லை, உங்கள் வலி நிஜம். ஆனால் அதற்குக் காரணம் அமிலம்தானா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி 24 மணி நேரம் வைப்பார்கள். எரியும்போதெல்லாம் கையிலுள்ள கருவியில் பொத்தானை அழுத்துவீர்கள். அந்த நேரத்தில் அமிலம் ஏறியதா என்பது பதிவில் தெரிந்துவிடும். மருந்தையும் மீறி அமிலம் ஏறுகிறது என்றால், உணவுக்குழாயும் வயிறும் சேருமிடத்தில் தளர்ந்த வால்வை இறுக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். அமிலம் ஏறாமலே எரிகிறது என்றால் உணவுக்குழாயின் நரம்புகள் அதிக உணர்ச்சியோடு இருக்கின்றன. அதற்கு அமில மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது வீண். மன அழுத்தத்துக்குத் தரும் மருந்தைக் குறைந்த டோஸில் எழுதினால் தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள். அது நரம்பைத் தணிக்கத்தான்.

கேள்வி: கேட்காத மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன். முன்பைவிட மோசமாக எரிகிறதே?

நீண்ட நாள் அடக்கி வைத்த சுரப்பு, திடீரென நிறுத்தினால் வேகமாகக் கிளம்பும். சில வாரங்களில் அடங்கிவிடும். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே நல்லது. இடையில் சாப்பிட்ட பிறகு, வயிற்றில் மிதந்து அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் ஆல்ஜினேட் மருந்து கைகொடுக்கும். உணவுக்குழாயில் புண் இருந்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

கேள்வி: இரவில்தான் தொல்லை. மூன்று தலையணை வைத்தும் பயனில்லை.

தலையணை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். இடது பக்கம் படுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

கேள்வி: சில நாளாகச் சாப்பாடு நெஞ்சிலேயே சிக்கிக்கொள்கிறது.

இதற்கு மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்யுங்கள். எடை தானாகக் குறைந்தாலும் தாமதிக்கக் கூடாது. ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.