அரிசி சாப்பிடும் ஊரில் கோதுமை இல்லாத உணவை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: சேலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் உணவு வங்கிக்கு மாதாமாதம் மளிகைப் பொருள் கொடுத்து வருகிறோம். குளூட்டன் இல்லாத பொருள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கான பொருள் எல்லாம் சேர்த்துக் கொடுக்கலாமா என்று என் மனைவி கேட்கிறார். நம் ஊரே அரிசி சாப்பிடும் ஊர். இங்கே யாருக்கு அந்த நோய் இருக்கப் போகிறது, வீண் செலவுதானே?

பதில்:

வீண் செலவு இல்லைங்க. உங்கள் மனைவி கேட்டதுதான் சரி. "இங்கே யாருக்கு இருக்கப் போகிறது" என்ற வார்த்தையை நான் நான்கு வருஷம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மகனுக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவன் உடம்பே அவன் சிறுகுடலைத் தாக்கும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. இரண்டு வயதில் ஆரம்பித்தது. வயிறு மட்டும் பானை மாதிரி, கை கால் எல்லாம் குச்சி. ரத்தம் எப்போது பார்த்தாலும் குறைவு. இங்கே ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், "குழந்தைக்கு நேரத்துக்குச் சோறு ஊட்டும்மா" என்று என்னைத் திட்டி அனுப்பினார்கள். தெம்பு வரட்டும் என்று அத்தை தினமும் இரண்டு வேளை பாலில் மால்ட் பவுடர் கலந்து கொடுத்தார். அந்த மால்ட்டில் இருப்பது பார்லி என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆறு வயதில்தான், கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் குடலில் இருந்து துளி சதை எடுத்துச் சோதனையும் செய்து நோயின் பெயரைச் சொன்னார். மருந்து எதுவும் கிடையாது, வாழ்நாள் முழுக்கக் கோதுமை படாத சாப்பாடு, அதுதான் மருந்து என்றார்.

நம் பக்கம் இந்த நோய் குறைவு என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று வந்தது. மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லை, கோதுமை சாப்பிடும் அளவில்தான் வித்தியாசம் என்றும் சொன்னார்கள். சரி, ஆயிரத்துக்கு ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் ஜனம். எண்ணூறு பேர் ஆகிறது. இப்படிப் பெருக்குவது முறையில்லை என்று யாராவது வந்து சொல்வார்கள், பாதியாகவே இருக்கட்டும், நானூறு பேர். அதில் தனக்கு இருப்பது இதுதான் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தவர்களில் மாசக் கடைசியில் கையில் காசில்லாதவர்கள் எத்தனை பேர்? நாங்கள் அதில் ஒரு குடும்பம். ராத்திரி ஆனால் சர்க்கரைக்குச் சப்பாத்தி, இல்லையென்றால் புரோட்டா, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், பிஸ்கட் என்று ஆகிவிட்ட ஊரை இன்னமும் அரிசி ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். 2020 ஊரடங்கில் பட்டறை மூடினார்கள். மூன்றாவது வாரம் எங்கள் தெருவுக்கு நிவாரணப் பை வந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையில் அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு ஒரு கிலோ, ரவை ஒரு கிலோ, சேமியா இரண்டு பாக்கெட், சாம்பார் பொடி, பெருங்காயம், பிஸ்கட். எண்ணிப் பாருங்கள், பாதிப் பை எங்களுக்கு ஆகாது. மாவையும் ரவையையும் சேமியாவையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர்கள் பையில் இருந்த அரிசியில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன்.

அது கூடப் பரவாயில்லை. பை கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள். பிள்ளை முன்னால் நின்றால் நன்றாக இருக்கும் என்று என் மகன் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, "சிரி கண்ணு" என்றார்கள். அவனும் சிரித்தான். போட்டோ எடுத்து முடித்ததும் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "அம்மா, இது எனக்கு ஆகாதுல்ல?" என்று கேட்டான். எட்டு வயசு. கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: தயவுசெய்து வாங்குபவர்களைப் போட்டோ எடுக்காதீர்கள். கொடுத்ததற்குக் கணக்கு வேண்டுமென்றால் பொருளைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள். அடுத்த வருஷம் அந்தப் போட்டோ பேனரில் வந்தது. அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

இனி பெருங்காயம். உங்களுக்கு இதுதான் முக்கியம். அந்தப் பை வந்த நான்காம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சோறு, சாம்பார், ரசம் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அந்தப் பெருங்காய டப்பாவைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், எறும்பு அளவு எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் சுத்தப் பெருங்காயம் இல்லை. கோந்தும் மாவும் சேர்த்துத்தான் செய்வார்கள், அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. அரிசி மாவு சேர்த்துச் செய்கிற கம்பெனிகளும் உண்டு, நான் எப்போதும் வாங்குவது அது. அன்றைக்குக் கையில் காசில்லாமல் பையில் வந்ததைப் போட்டுவிட்டேன். "அரிசிச் சாப்பாடுதானே" என்று நீங்கள் சொல்லும் சாப்பாட்டில் கோதுமை இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். சத்துமாவிலும் இருக்கும். கடைத் தட்டுவடையில் மொறுமொறுப்புக்கு மைதா கலப்பவர்கள் இருக்கிறார்கள், கலக்காவிட்டாலும் மைதாப் பலகாரம் பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பார்கள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா" என்று கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரியும். உறவுக்காரர்களே என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாடு என்றால் பார்க்க வேண்டாம். பிள்ளை வயிற்றுக்குள் போவதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பசித்தால் எதையும் சாப்பிடுவார்கள் என்பதும் இந்த நோயில் எடுபடாது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி சுருண்டுவிட்டார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்தார், கோதுமைதான் காரணம் என்பதை நிரூபித்ததும் அவர்தான். பசிக்கு ரொட்டி கொடுத்தார்கள், அந்தக் குழந்தைகளுக்கு அந்த ரொட்டியே நோய்.

பட்டறை திறந்து நிலைமை கொஞ்சம் தேறியதும் நானும் கொடுக்க ஆரம்பித்தேன். உணவு சேகரிக்கும் ஒரு மையத்துக்கு இரண்டு கிலோ ஜவ்வரிசியும் பச்சரிசி மாவும் கொண்டு போய், கோதுமை ஒத்துக்காதவர்களுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் அங்கிருந்த தம்பி நான் கொடுத்ததைப் பிரித்து அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைதா மூட்டை. இரண்டுக்கும் ஒரே அலுமினியக் கரண்டி. கரண்டியின் விளிம்பில் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது, அதையே ஜவ்வரிசி டப்பாவுக்குள் விட்டார். "தம்பி, தம்பி" என்று கத்திவிட்டேன். "என்னங்க அக்கா, நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தா நல்லதுதானே, கரண்டி சுத்தமாத்தான் இருக்கு" என்றார். பாவம், அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான்தான் சரியாகச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

ஒரு கிலோ பொருளில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். 20 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு அரிசி மணியின் எடை. அந்தத் தம்பியிடம் ஒரு அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கரண்டியைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார், எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். இன்றைக்கு அந்த மையத்தில் எனக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

அதனால் நீங்கள் விலை கூடிய இறக்குமதி பிஸ்கட்டோ, கோதுமை மாவை விட மூன்று நான்கு மடங்கு விலையில் விற்கும் விசேஷ மாவோ வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நம் ஊர்ப் பொருளே போதும். கம்பெனியில் ஒட்டிய பாக்கெட்டாக, பிரிக்காமல், அரைக் கிலோ ஒரு கிலோவாக வாங்குங்கள். மூட்டையில் இருந்து அள்ளிக் கட்டியது வேண்டாம். அரிசி, துவரை, பாசிப்பருப்பு, வெல்லம், அவல். ஜவ்வரிசிக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். ஆத்தூர் ரோட்டில் போனால் சேகோ ஆலைக் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. 1981இல் இருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இங்கே நடக்கிறது, லாரி லாரியாக வடக்கே மகாராஷ்டிரா பக்கம் விரதச் சாப்பாட்டுக்குப் போகிறது. ஜவ்வரிசி செய்வது மரவள்ளிக்கிழங்கில் இருந்து, அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் ஜவ்வரிசியை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது முக்கால்வாசிக்கு மேல் வெறும் மாவுச்சத்து. பருப்பும் பயறும் கூடவே போக வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு.

சேர்வராயன் மலைக் கிராமத்தில் இருந்து சாமை, ராகி வாங்கி வந்து கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தானியம் நல்லதுதான், அரைக்கிற இடத்தில்தான் வில்லங்கம். நம் தெரு மில்லில் முந்தின ஆள் கோதுமை அரைத்திருப்பார், அந்த மாவு மிஷினுக்குள்ளேயே நின்று அடுத்தவர் ராகியோடு வரும். நான் ராகியை வீட்டிலேயே கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். கொடுப்பதாக இருந்தால் முழுத் தானியமாகக் கொடுங்கள், கல் நீக்கிச் சுத்தம் செய்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஒவ்வாமை வேறு கதை. என் மகனுக்குக் கோதுமை பட்டால் உள்ளே மெல்ல மெல்லக் குடல் கெடும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அப்படி இல்லை, சில நிமிஷத்தில் உதடு வீங்கி மூச்சு அடைக்கலாம், 108ஐக் கூப்பிட வேண்டிய நிலை. எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் குழந்தை உண்டு. நல்லது என்று நினைத்து எல்லோரும் மரச்செக்குக் கடலை எண்ணெய் கொடுக்கிறார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமைக்கு அதுதான் காரணம். அவர்கள் வீட்டுக்கு நான் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய்தான் வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இதெல்லாம் டாக்டரிடம் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டது. யாருக்கு எது ஆகாது என்று அந்தந்த வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எட்டு வகை ஒவ்வாமைப் பொருட்கள் இருந்தால் தனியாக எழுதியே ஆக வேண்டும் என்று 2020 லேபிள் விதிமுறையில் இருக்கிறது: குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி பாதாம் வகையும், சோயா, சல்ஃபைட். பொருள்பட்டியலுக்குக் கீழே இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், வங்கியில் பிரித்து வைப்பவருக்கு அது தெரியாமல் போகலாம். அதனால் நீங்களே ஒரு வெள்ளைச் சீட்டில் தமிழில் "கோதுமை படாதது, பிரிக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டை என் மகன்தான் எழுதுகிறான். தனியாக மூடி போட்ட ஒரு டப்பாவும் வாங்கிக் கொடுங்கள், அது மாவு மூட்டைக்கு மேல் தட்டில் இருக்கட்டும், கீழே இருந்தால் மேலிருந்து மாவு கொட்டும்.

கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள். குளூட்டன், சீலியாக் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "கோதுமை சாப்பிட்டால் ஒத்துக்காத பிள்ளை யாராவது வருகிறார்களா" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அந்தத் தம்பி, "அப்படி யாரும் இல்லைங்க அக்கா" என்றுதான் சொன்னார். பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். பை வாங்க வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அம்மாபேட்டையில் ஒன்று, கிச்சிப்பாளையத்தில் ஒன்று, ஏற்காடு அடிவாரத்தில் ஒன்று, மூன்று வீடு இருக்கிறது என்றார்.