பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்கலாம் என்று பிரித்துப் போட்டேன், இப்போது வேலை நகரவே இல்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனமா?

தள்ளிவிடாதீர்கள். குறைந்தபட்சம், இப்போதிருக்கும் சலிப்பில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

என்ன வண்டி, எதில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. சீட்டும் கதவும் பம்பரும் ஒரு மூலையில் கிடக்கும். இன்ஜின் லேத்துக்குப் போயிருக்கும், இல்லை போகக் காத்திருக்கும். டப்பாக்களில் போட்டு வைத்த நட்டு போல்ட்டுகளில் எது எந்த இடத்துடையது என்பது மறக்க ஆரம்பித்திருக்கும். வீட்டில் "எப்போது முடியும்?" என்று கேட்பதைக்கூட நிறுத்தியிருப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த காலத்தைவிட இதுதான் அதிகம் உறுத்தும். எனக்கும் உறுத்தியது.

இந்த வேலையில் தடங்கல் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, நாம் கை வைப்பதற்கு முன்பே வண்டிக்குள் இருந்தவைதான். யாரோ எப்போதோ அவசரத்துக்குச் செய்து, பெயின்ட் அடித்து மூடிவிட்டுப் போனவை. திறந்து பார்த்தவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் தலையில் விழுகிறது.

நான் எடுத்தது 1958 மாடல் மாரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார், 948 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் அழகாகவே இருந்தது. கதவுகள் சரியாகச் சாத்தின, திருப்பத்துக்குக் கதவை ஒட்டிய தூணிலிருந்து வெளியே நீளும் அந்தச் சின்ன சிக்னல் கைகூட இருபுறமும் வேலை செய்தது. பழைய வண்டி வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கதவில், பானெட்டில் எல்லாம் காந்தம் நன்றாக ஒட்டியது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் இருக்கிறதே, அங்கே வைத்தால் வழுக்கி விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகச் சுரண்டினேன். பெயின்ட், அதன் கீழே விரல் கனத்துக்குப் பட்டி, பட்டிக்குக் கீழே கம்பி வலை, வலைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்ட தகடுகள். அசல் தகடு இருந்த இடத்தில் செம்பொடிதான் இருந்தது. விரலால் தொட்டாலே உதிர்ந்தது.

இந்த மாதிரி வண்டிகளில் சில் என்பது அலங்காரம் இல்லை. மைனருக்குத் தனியான முழுச் சேஸி கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. சில் போனால் நடு உடம்பு தொய்ந்துவிடும். அதனால் வெல்டரும் நானும் வெட்டுவதற்கு முன்பாகக் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம், ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட்டோம். அத்தனை கவனமாகச் செய்தும், புதிதாக வாங்கிய சில் தகடு வளைவில் பொருந்தவில்லை. அசல் அச்சில் அழுத்தி எடுக்காத மாற்றுத் தகடுகள் பலவற்றின் கதை இதுதான். வெட்டி, தட்டி, கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, மறுபடி கழற்றி... முழு வெல்டிங் அடிக்கும் முன் கதவை மாட்டிப் பார்க்காவிட்டால் பிறகு கதவு சாத்தாது. இதற்கே ஒரு பருவம் ஓடிவிட்டது. பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும்.

அடுத்த அடி இன்ஜினில் வந்தது. சிலிண்டர் தேய்ந்திருந்தது. அளவெடுத்துப் பார்த்தபோது இருபது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்) ஓவர்சைஸ் போட்டால் போதும், அதாவது விட்டத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். பிஸ்டன்களை வாங்கி, அவற்றையும் பிளாக்கோடு சேர்த்து லேத் பட்டறையில் கொடுத்தேன், தாளிலும் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நாற்பது தவ்வுக்குக் கடைந்திருந்தார்கள். என் பிஸ்டனை உள்ளே விட்டால் ஆடியது. இந்தப் பிளாக்குக்கு வழக்கமாகக் கிடைக்கும் கடைசி அளவு நாற்பதுதான். இனி ஒருமுறை தேய்ந்தால் கடைவதற்கு இடமே இல்லை. "அதுவும் ஓடும் சார்" என்றார்கள். ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் தாங்கிய இரும்பில் மிச்சமிருந்த ஆயுளை ஒரே மதியத்தில் சீவித் தள்ளிவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. கடைசியில் வேறொரு இடத்தில் ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் பொருந்தும் புதுக் குழாய், இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். நேரமும் பணமும் இரட்டிப்பானது, ஆனால் அந்தப் பிளாக்குக்கு இன்னொரு வாழ்நாள் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு "தொழில் தெரிந்தவனிடம் மொத்தமாகக் கொடுத்திருக்கலாமே" என்று எழுத ஒருவர் வருவார். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை, அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. வெல்டிங்கை வெல்டர்தான் செய்தார், கடைசலைக் கடைசல்காரர்தான் செய்தார். கூடவே நின்று அளந்து பார்க்கிற ஓர் ஆள் வேண்டும், அது நானாக இருந்தேன். அளக்காமல் வாங்கிப் பூட்டியிருந்தால் அந்தத் தவறு யாருக்கும் தெரியாமலே இன்ஜினுக்குள் போயிருக்கும். வீட்டில் வைத்துச் செய்வதன் பலனே இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் நிறத்தைப் பார்த்தே ஒயரைப் படிக்கலாம்: பழுப்பு நேரடி பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். என் வண்டியில் முன்பு கைவைத்த ஒருவர் எல்லாவற்றையும் சிவப்பிலேயே இழுத்திருந்தார். முழுதாகப் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்ட வரும் எலெக்ட்ரீஷியனை முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் இரவல் வாங்குபவர்களைப் பற்றி. ஹெட் நட்டுகளை முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும், இந்த இன்ஜினுக்கு 40 பவுண்டு-அடி. அதற்காகவே நல்லதாக ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தித் துடைத்து டப்பாவில் வைப்பேன். தெரிந்தவர் ஒருவர் "அரை மணி நேரம்" என்று வாங்கிப் போனார். துருவேறி இறுகிய வீல் நட்டைக் கழற்ற அதன்மேல் காலை வைத்து ஏறி நின்றிருக்கிறார். அளந்து முறுக்கும் கருவியைக் கடப்பாரையாக்கிவிட்டு, டப்பா இல்லாமல், கிரீஸோடு திருப்பித் தந்தார். சரிபார்த்தபோது அளவு தப்பாகக் காட்டியது. அவரிடம் சொன்னால், ஒரு ஸ்பேனருக்கு இவ்வளவா என்று கோபித்துக்கொண்டார். இன்றுவரை பேச்சில்லை. கருவியை மதிக்காதவருக்குக் கொடுக்க மறுப்பது கஞ்சத்தனம் இல்லை. இதை யார் என்ன சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் பிரிந்து கிடக்கும்போது மொத்த வண்டியையும் பார்த்தால் யாருக்குமே கை ஓடாது. ஒரே ஒரு பகுதியை எடுங்கள், அதை மாட்டி முடிக்கும் நிலைவரை கொண்டு போங்கள், அதுவரை வேறெதையும் தொடாதீர்கள். டப்பாக்களை இன்றைக்கே கொட்டி, நினைவிருப்பதற்கு எல்லாம் சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள். இது தள்ளிப்போடப் போடக் கெட்டுப்போகும் வேலை. இன்ஜின் இறுகிப் பிடித்திருந்தால் ஸ்டார்ட்டரால் சுற்ற முயலாமல் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சில நாள் கழித்துக் கையால் இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பெயின்ட் கடைசி. பெயின்ட்டை முதலில் அடித்துவிட்டு வெல்டிங்குக்குப் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் பிரேக் என்பேன். பழைய டிரம்முக்குள் இருக்கும் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம். உங்களுடையதும் மைனர்தான் என்றால், பிரேக் மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும். அதன் போல்ட்டை உருவ, முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பி வழிவிடாது, அதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு இறங்குங்கள். வேறு வண்டியாக இருந்தால் மாடலையும் வருடத்தையும் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.