பேரப்பிள்ளைகள் வரும்போது மட்டும் மயக்கம் வருகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 67 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் கிளிமெபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் இரண்டு வேளை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்கிறேன். சாதாரண நாட்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்கும் நாட்களில் மட்டும், சமைத்துக்கொண்டிருக்கும்போது பதினோரு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அசதிதான் என்று ஏதாவது இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் மாலையில் சோதித்தால் சர்க்கரை 260, 280 என்று காட்டுகிறது. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? மகளோ, "நாங்க இருக்கிற நாலு நாள் மாத்திரையே வேண்டாம், நிம்மதியா சாப்பிடும்மா" என்கிறாள். இன்னொன்று, போன முறை மூன்று வயதுப் பேரன் என் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுவிட்டு உடனே துப்பிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. இதற்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. இனிப்பு சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அந்த வரி. அசதி இனிப்பால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போகாது, ஓய்வெடுத்தால்தான் போகும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டு எல்லாம் சேர்ந்து வந்து, இனிப்பு உள்ளே போனதும் அடங்குகிறது என்றால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எங்கள் படிப்பில் இதற்கு விப்பிள் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் ஒரு விதி உண்டு: அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அளந்தால் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி போக வேண்டும். உங்களிடம் முதலும் மூன்றும் இருக்கின்றன. நடுவில் உள்ளதுதான் இல்லை, ஏனென்றால் நீங்கள் அளப்பது மாலையில்.

அப்புறம் அந்த 260 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சர்க்கரை இறங்கியதும் உடம்பு சும்மா இருக்காது. அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும் (உங்கள் நடுக்கமும் படபடப்பும் அந்த அட்ரினலின் வேலைதான்). அதற்கு மேல் நீங்கள் சாப்பிட்ட இனிப்பு, அதற்கும் மேல் பசியோடு தாமதமாக உட்கார்ந்து சாப்பிட்ட மதியச் சாப்பாடு, பிள்ளைகள் தட்டில் மீதி வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டது, எல்லாம் சேர்ந்துதான் மாலைக் கணக்கு. அந்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், அடுத்த நாள் பதினோரு மணிக்கு நீங்கள் அடுப்படியிலேயே விழுவீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள்.

சாதாரண நாட்களில் வராதது பிள்ளைகள் வந்தால் மட்டும் ஏன் வருகிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த நாட்களில் உங்கள் காலை எப்படிப் போகும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வழக்கமான நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிடுவீர்கள், அது பழக்கம், தவறாது. காலை உணவுதான் தவறும். பேரனுக்கு ஊட்டிவிட்டு, மகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, மதியத்துக்கு அரிந்துகொண்டும் கிளறிக்கொண்டும் உப்பு சரியா என்று கரண்டியில் தொட்டு ருசி பார்த்துக்கொண்டும் நிற்பீர்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்ப்பதில் பசி அடங்கிவிடும், ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது. கிளிமெபிரைடு வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, பயணி ஏறினாரா என்று பார்க்காமல் நேரத்துக்குக் கிளம்பிவிடும் பஸ் மாதிரி. போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். இதற்கு நடுவில் நின்றபடி வேலை, பிள்ளைகள் பின்னால் ஓட்டம், தசைகள் வேறு சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. பதினோரு மணி என்பது கணக்குக்குச் சரியாக ஒத்து வருகிறது.

மெட்ஃபார்மின் அப்படி இல்லை. அதைத் தனியாக எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது அரிது. அதனால் உங்கள் மகள் சொல்வதுபோல் எல்லா மாத்திரையையும் நாலு நாள் நிறுத்துவது சரியில்லை, அந்த நாட்களில்தான் சாப்பாடும் கூடுதலாக இருக்கும், சர்க்கரை ஒரேயடியாக ஏறும், அம்லோடிபினையும் சேர்த்து நிறுத்தினால் ரத்த அழுத்தமும் ஏறும். அவள் பாசத்தில் சொல்கிறாள், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளிமெபிரைடைக் கடிகாரம் பார்த்துப் போடாதீர்கள், தட்டைப் பார்த்துப் போடுங்கள். காலை உணவு உங்கள் முன்னால் வந்த பிறகு, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும்போது போடுங்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் மாத்திரையும் தள்ளிப்போகட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஒரு நாள் காலையில் சாப்பிடவே முடியவில்லை என்றால் அன்று கிளிமெபிரைடு போடாமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பழக்கத்தை அந்த ஒரு வேளைக்காவது விட்டுவிடுங்கள். இதைப் பல பாட்டிகளிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் பழையபடிதான்.

அடுத்த முறை அந்த நடுக்கம் வரும்போது, முடிந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம், 54-க்குக் கீழே என்றால் அபாயம். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், முதலில் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள், சர்க்கரை எடுங்கள். 15 கிராம் போதும், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, அல்லது குளுக்கோஸ் பவுடர், அல்லது 150 மி.லி. பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. நெய், பால், சாக்லேட் என்று கொழுப்பு சேர்ந்த இனிப்பு இந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும், அந்த அவசரத்தில் நாலைந்து துண்டு உள்ளே போய்விடும், மாலையில் 280. சரியானதும் அடுத்த வேளைச் சாப்பாட்டை உடனே சாப்பிட்டுவிடுங்கள். கிளிமெபிரைடின் வேலை நாள் முழுக்க நீடிக்கும் என்பதால், ஒரு முறை ஏறிவிட்டதே என்று விட்டுவிட்டால் மறுபடி இறங்கலாம்.

இதையெல்லாம் நீங்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, மகளும் தெரிந்துகொள்ளட்டும். வயதானவர்களுக்குச் சில நேரம் வியர்வையும் நடுக்கமும் வராமலே சர்க்கரை இறங்கும். வெளியே தெரிவது எரிச்சல், குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், நடை தள்ளாட்டம். வழக்கமாகப் பேரனைக் கொஞ்சும் பாட்டி காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தால், "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, சத்தம் தாங்க முடியல" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், மீட்டரில் பார்த்தால் 58 இருக்கும். அடிக்கடி இறங்கிக்கொண்டே இருந்தால் உடம்பு எச்சரிப்பதையே குறைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு கவலை. இன்று வேர்வை வந்து காட்டிக்கொடுக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் இல்லாமல் நேராக மயக்கமே வரலாம். மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பத்து வயது தாண்டிய பேரப்பிள்ளை இருந்தால் குளுக்கோஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டி வையுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் வேகமாக ஓடுவார்கள்.

பிள்ளைகளோடு ரொம்ப ஆடி ஓடிய நாளில் இரவு படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். உடல் உழைப்பின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தொடரும், தூக்கத்தில் இறங்கினால் உங்களுக்கே தெரியாது. காலையில் தலைவலியோடு எழுவது, தலையணை நனைந்திருப்பது, கெட்ட கனவு, இவை இருந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாமே சர்க்கரைதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அறிகுறி இருக்கும்போது மீட்டர் 110, 120 காட்டினால் கதை வேறு. சூட்டில் தண்ணீர் குடிக்காமல் வெகுநேரம் நிற்பவர்களுக்கு, அதுவும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளந்து, மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ அதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம், வெறும் வியர்வை, மூச்சு வாங்குதல், தாடையிலோ தோளிலோ வலி, குமட்டல் என்று மட்டும் வரலாம். சர்க்கரை சரியாக இருந்தும் வேர்த்துக் கொட்டுகிறது, இனிப்புக்கும் அடங்கவில்லை என்றால், பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பட்டும் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கிடையில் உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை போய் வாருங்கள், அடுத்த விடுமுறைக்கு முன்னாலேயே. ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானாலும் கிளிமெபிரைடின் வேலை உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். இந்த வகை மாத்திரையோடு உங்கள் வயதில் அவ்வளவு குறைவாக இருப்பது, அடிக்கடி இறங்குகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். ஓரளவு ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களுக்கு 7 முதல் 7.5-க்குள், பல நோய்கள் சேர்ந்திருப்பவர்களுக்கு 8-க்குள் இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். அளவை 1 மி.கி. ஆக்கலாமா, அல்லது லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் போன்ற, தனியாகச் சர்க்கரையை அவ்வளவாக இறக்காத மாத்திரைக்கு மாறலாமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. உங்களைப் பார்க்காமல் நான் இங்கிருந்து மாற்ற முடியாது. பிள்ளைகள் இருக்கும் நாட்களில் பதினோரு மணிக்கு எடுத்த எண்கள் இரண்டு மூன்று கையில் இருந்தால் அவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

கடைசியாகப் பேரன் விஷயம். நடந்து முடிந்ததற்கு இப்போது பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடவும் முடியாது. அவன் எடுத்தது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் சர்க்கரையை இறக்கும் அதே கிளிமெபிரைடு, ஒரே ஒரு மாத்திரை, மூன்று வயதுக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அம்லோடிபின் என்றால் ரத்த அழுத்தம் இறங்கும், அதுவும் ஒரு மாத்திரையிலேயே நடக்கக் கூடியது. மோசம் என்னவென்றால், இவற்றின் விளைவு பல மணி நேரம் கழித்துக்கூட வரும். பகலில் விழுங்கிய குழந்தை மாலை வரை சிரித்து விளையாடிவிட்டு, இரவு எல்லோரும் தூங்கும்போது மயங்கலாம். அதனால்தான் பார்க்க நன்றாக இருந்தாலும் இந்தக் குழந்தைகளை மருத்துவமனையில் ஒரு நாள் வரை வைத்துச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே உங்கள் மாத்திரைகள் மேசை, தலையணைப் பக்கம், ஃபிரிட்ஜ் மேல், கைப்பை என எல்லா இடத்தையும் விட்டுப் பூட்டு உள்ள அலமாரிக்குப் போகட்டும். கைப்பையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கிழமை வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் டப்பாவைக் குழந்தை எளிதாகத் திறந்துவிடும். அவன் முன்னால் மாத்திரை விழுங்காதீர்கள், பாட்டி செய்வதையெல்லாம் செய்து பார்க்கிற வயது அது. "பாட்டியோட மிட்டாய்" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். மறுபடி அப்படி நடந்தால், துப்பிவிட்டான் என்று தெரிந்தாலும், வாயைத் துடைத்துவிட்டு, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எத்தனை குறைகிறது என்று கிளம்பும் முன் எண்ணிவிடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.