ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் திருச்சபைக் கூட்டுறவு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு சபை இன்னொரு நாட்டின் ஊருக்கு நன்கொடை அனுப்புவதற்கும், அந்த ஊர்ச் சபையோடு கூட்டுறவு வைத்துக்கொள்வதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பதில்: தான்சானியாவின் தென்மேட்டு நிலத்தில் உள்ள இரிங்கா லுத்தரன் திருமண்டலமும், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் வட்டார லுத்தரன் சினாடும் (பல சபைகளின் வட்டார அமைப்பு) 1987 முதல் ‘பேகா குவா பேகா’ (தோளோடு தோள்) என்ற பெயரில் இணைந்து செயல்படுகின்றன. அங்கே ஓர் அமெரிக்கச் சபை இரிங்காவின் ஒரு சபையோடு இணைக்கப்படுவதால், கடிதங்களும் பயணங்களும் மன்றாட்டுகளும் இரு திசையிலும் நடக்கின்றன. ஓர் ஆண்டின் திட்டம் முடிந்த பின்பும் உறவு முடிவதில்லை. இதன் நடைமுறைப் பயன், தேவை மாறும்போது உதவியும் மாற முடிகிறது என்பதே. மேல்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகை இக்கூட்டுறவின் முக்கியப் பணிகளுள் ஒன்று. தான்சானிய அரசு 2016-இல் மேல்நிலைப் பள்ளியின் நான்காம் படிவம் (வகுப்பு) வரையிலும், 2022-இல் ஆறாம் படிவம் வரையிலும் அரசுப் பள்ளிக் கட்டணத்தை நீக்கிவிட்டது. ஆகவே அந்நாட்டில் இன்று ஒரு மாணவிக்கு உதவ நினைப்பவர், கட்டணத்தைக் காட்டிலும் விடுதி, சீருடை, புத்தகம் ஆகிய செலவுகளைப் பற்றியே முதலில் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சபையார் ஓர் ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் அமைத்துக் கொடுக்க விரும்புகின்றனர். ஆனால் ஆப்பிரிக்காவில் பம்புகள் விரைவில் பழுதாகிவிடுவதாகச் சொல்கிறார்களே?

பதில்: பம்பு பழுதாவது இயல்பு, பழுதான பம்பைச் சரிசெய்ய ஆளும் பொருளும் இல்லாமல் அது மாதக்கணக்கில் கிடப்பதுதான் கவலைக்குரியது. சகாராவுக்குத் தெற்கே உள்ள அடிபம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயங்காமல் இருப்பதாக 2009-ஆம் ஆண்டளவில் வெளியான மதிப்பீடு இத்துறையில் இருந்த பலரையும் யோசிக்க வைத்தது.

நம் தெருக்களில் பார்த்துப் பழகிய இந்தியா மார்க் 2 பம்பின் வரலாற்றிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிறித்தவ மிஷன்களின் கிணற்றுப் பணியில் உருவான பம்புகளை அடிப்படையாகக் கொண்டு, 1970-களில் யுனிசெப் துணையோடு அது வடிவமைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் ஆலையில் பெருமளவில் தயாராகி, பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. உகாண்டாவில் அதன் வகை ‘யு2’ எனப்படுகிறது. உறுதியான பம்புதான், ஆனால் கிணற்றின் அடியில் உள்ள சிலிண்டரில் தேய்ந்த ஒரு வாஷரை மாற்றவேண்டுமானால், மேலிருந்து கீழ்வரை உள்ள இரும்புக் குழாய்கள் அத்தனையையும் பலர் சேர்ந்து தூக்கியாக வேண்டும். நிலத்தடி நீர் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் அக்குழாய்கள் துருப்பிடித்தும் போகும். மலாவி, மொசாம்பிக், கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் பரவலாக உள்ள ‘ஆஃப்ரிடெவ்’ பம்பிலோ, பிளாஸ்டிக் குழாயைத் தொடாமல் உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் மேலே இழுத்து, ஒரே ஸ்பேனரைக் கொண்டு ஊராரே வாஷரை மாற்றிவிடலாம். ஆனால் சுமார் 45 மீட்டருக்கு மேல் ஆழமான கிணற்றுக்கு அது பொருந்தாது.

ஆகவே உங்கள் சபையார் முதலில் கேட்க வேண்டியது, அந்த மாவட்டத்தில் எந்தப் பம்பின் உதிரிபாகம் கடையில் கிடைக்கிறது என்பதைத்தான். பம்பு மேடையில் கொடையாளர் பெயரைப் பொறிப்பதைவிட அந்தக் கடையின் கைப்பேசி எண்ணைப் பொறிப்பது நல்லது என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இதற்காக என்மீது வருத்தப்பட்டவர்களும் உண்டு.

கேள்வி: ஆழ்துளைக் கிணறு தோண்ட முடியாத வறண்ட பகுதிகளில் என்ன செய்வது?

பதில்: கென்யாவின் மச்சாக்கோஸ், மக்குவேனி, கிட்டூயி மாவட்டங்களில் மணல் அணை கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆற்றின் குறுக்கே, அடிப்பாறையின்மேல் ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பினால், வெள்ளம் அடித்துவரும் மணல் சில பருவங்களில் சுவரின் உயரத்திற்கு நிரம்பிவிடுகிறது. அம்மணலின் கன அளவில் 25 முதல் 40 விழுக்காடு வரை நீர் தங்கும். மேற்பரப்பில் வெயில் பட்டாலும் உள்ளே இருக்கும் நீர் எளிதில் ஆவியாவதில்லை, கொசுவும் முட்டையிட முடியாது. இங்கே 1978-இல் ஜோஷுவா முக்குசியா தொடங்கிய உட்டூனி அமைப்பைப் போன்ற உள்ளூர் அமைப்புகளுக்கு மெனனைட் சபையாரின் மத்தியக் குழு துணை நிற்கிறது. வெளியிலிருந்து வருவன பெரும்பாலும் சிமெண்டும் கம்பியும் பொறியாளரின் ஆலோசனையுமே. கல் சுமப்பது, மணலும் நீரும் கொண்டுவருவது, சுவர் எழுப்புவது ஆகிய எல்லா வேலையையும் கம்பா மக்களிடையே முன்பிருந்தே வழங்கிவரும் ‘முவெத்தியா’ என்னும் கூட்டுழைப்புக் குழுவினர் செய்கின்றனர். ஊரிடம் இல்லாததை மட்டும் கொடுப்பது என்ற அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: அந்த ஊரில் இசுலாமியரும் பிற நம்பிக்கையினரும் இருந்தால் அவர்களுக்கும் உதவி போகுமா?

பதில்: போக வேண்டும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த பேரிடர் உதவிக்கான நடத்தை நெறி, குறிப்பிட்ட சமய நிலைப்பாட்டை வளர்க்க உதவியைப் பயன்படுத்தலாகாது என்கிறது. மேம்பாட்டுப் பணிக்கும் அது பொருந்தும். பம்பையோ அணையையோ கவனித்துக்கொள்ளும் தண்ணீர்க் குழுவின் உறுப்பினர்களை ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கட்டும், சபைக் குழு அல்ல.

கேள்வி: பழைய துணிகளைச் சேர்த்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் ‘மித்தும்பா’ எனப்படும் பழைய துணி ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. கப்பல் கூலியே துணியின் விலையை மிஞ்சிவிடும்.

கேள்வி: அம்மா ஒருவர் கேட்கிறார்: பிள்ளைகளின் சத்துணவுக்காகச் சபை ஏதேனும் செய்து வெற்றி கண்டதுண்டா?

பதில்: உண்டு அம்மா. வட மலாவியில் லிவிங்ஸ்டோனியா சினாடைச் சேர்ந்த எக்வெந்தேனி மருத்துவமனை, வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு நில்லாமல், 2000-இல் அக்குழந்தைகளின் வீட்டு நிலத்தைப் பற்றியும் கவலைப்பட்டது. உரம் வாங்க முடியாத உழவர்கள் மக்காச்சோளத்தோடு துவரை, நிலக்கடலை, சோயா ஆகியவற்றையும் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் தழையை எரிக்காமல் மண்ணில் புதைத்தார்கள். மண்ணுக்குத் தழைச்சத்தும் பிள்ளைகளின் தட்டுக்குப் பருப்பும் சேர்ந்தே கிடைத்தன. எந்தப் பயிர் தன் நிலத்துக்கு ஏற்றது என்பதைச் சோதித்துப் பார்த்து அண்டை வீட்டாருக்குச் சொன்னவர்கள் உழவர்களே. மாமியாரும் தாத்தாவும் சேர்ந்து உட்கார்ந்து குழந்தை உணவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது, ஏனெனில் எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன ஊட்டுவது என்பதைத் தாய் மட்டும் முடிவு செய்வதில்லை.

கேள்வி: அனுப்பும் பணம் சரியாகச் செலவாகிறது என்பதை எப்படி அறிவது?

பதில்: அங்குள்ள சேமிப்புக் குழுக்களின் நடைமுறையைப் பாருங்கள். 1991-இல் நைஜரில் கேர் என்னும் தொண்டு நிறுவனம் தொடங்கி, பின்னர் பல நாடுகளில் சபைகளும் மேற்கொண்ட இம்முறையில், 15 முதல் 25 பேர் வரை கொண்ட குழுவின் பணம் மூன்று பூட்டுகள் உள்ள ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். மூன்று சாவிகளும் மூன்று வெவ்வேறு உறுப்பினர்களிடம் இருக்க, பெட்டி வேறொருவர் வீட்டில் இருக்கும். எல்லாருக்கும் முன்னால்தான் பெட்டி திறக்கப்படும். எண்ணிய தொகை உரக்கச் சொல்லப்படும். நீங்கள் அனுப்பும் பணமும் அவ்வாறே இருவர் அல்லது மூவர் கையொப்பமிட்டால்தான் எடுக்க முடிகிற கணக்கிற்குச் செல்லவேண்டும். வரவும் செலவும் அவ்வூர் மொழியில் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உங்களுக்கு வரும் ஆங்கில அறிக்கை இதற்கு அடுத்தபடியானதுதான். பணம் யாருக்காக வந்ததோ அவர்கள் முதலில் படிக்கட்டும்.